துளைகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிக்கப் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடைகளில் பளபளப்பாக அடுக்கி வைத்திருக்கும் பெயர் தெரியாத அலாய் வீல்களைவிட, வண்டியைத் தயாரித்த நிறுவனமே பொருத்தி அனுப்பிய கம்பெனி வீல்களைத் தேடி வாங்குவது மேல் என்று கட்டுரையாளர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் ஆறு ஸ்டட் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியிலிருந்து நீட்டி நிற்கும், நட் ஏற்றும் மரையாணி) உள்ள வண்டிக்கு ஆறு துளை உள்ள எந்த வீலும் சேரும் என்றும், சிறிது முன்பின் இருந்தால் வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் என்னும் இடைத்தகட்டை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றும் பொருள்படும்படி அவர் எழுதியிருந்த இரண்டு வரிகளை அப்படியே கடந்துபோக முடியவில்லை. அந்த வரிகளை நம்பி ஒருவர் பழைய வீல்களை வாங்கி மாட்டினால், அவை மாட்டும்போது சேர்ந்துவிட்டதுபோலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

முதலில் அவர் சரியாகச் சொன்னதற்கு ஒரு காரணத்தைச் சேர்த்துவிடுகிறேன். கம்பெனி வீல் என்பது தனியாக வடிவமைக்கப்பட்ட பொருள் அன்று. அந்த வண்டியின் ஆக்சில் தாங்கும் எடை, வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் பேரிங் இருக்கும் இடம், பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரின் பருமன், ஸ்டியரிங் முழுதாகத் திரும்பும்போது டயர் தொடக்கூடிய எல்லை ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. ஆகவே அதே மாதிரி வண்டியிலிருந்து, அதே காலகட்டத்தில் வந்த வீலைக் கழற்றி மாட்டினால் கேள்வியே எழாது. சிக்கல் தொடங்குவது, பழைய வண்டிக்கு அதே நிறுவனத்தின் புதிய தலைமுறை வீலையோ, துளைகள் ஒத்துப்போகின்றன என்பதற்காக வேறு நிறுவனத்தின் வீலையோ கொண்டுவரும்போதுதான். பழைய இரும்பு ரிம் துருவேறி விளிம்பில் காற்றுக் கசிகிறது, பழைய அளவில் டயர் கிடைப்பதில்லை, குழியில் விழுந்து ஒரு ரிம் நெளிந்துவிட்டது போன்ற நியாயமான காரணங்களுக்காகத்தான் பலரும் இந்த மாற்றத்துக்குப் போகிறார்கள் என்பதால், வேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதே முறை.

துளைகளிலிருந்தே தொடங்குகிறேன். எண்ணிக்கையோடு, அந்தத் துளைகளின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டமும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும். இதைத்தான் கடைக்காரர்கள் பி.சி.டி. என்கிறார்கள். ஆறு துளை வீல்களில் மிகப் பரவலான வட்டம் 139.7 மி.மீ. நான்கு சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி ட்ரைட்டன், 1999 முதல் வந்த செவர்லே சில்வராடோ 1500 ஆகியவை இதில் அடங்கும். ஆனால் 2004இல் புதிய வடிவில் வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டியில் ஆறு துளைகள் 135 மி.மீ. வட்டத்தில் உள்ளன, நிசான் நவாராவின் டி40 தலைமுறையில் அதே ஆறு துளைகள் 114.3 மி.மீ. வட்டத்தில் உள்ளன. ஒரே பெயர் தாங்கிய வண்டிக்குள்ளேயே இது மாறியிருப்பதும் உண்டு. எஃப்-150க்கு 1996 மாதிரி வரை ஐந்து துளை 139.7, 1997 மாதிரியிலிருந்து ஐந்து துளை 135, பிறகு ஆறு துளை 135 என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. ஆகவே எஃப்-150 வீல் விற்பனைக்கு என்று மட்டும் ஒருவர் விளம்பரம் கொடுத்தால், அதில் வாங்குபவருக்குப் பயன்படும் செய்தி எதுவும் இல்லை.

அளப்பது கடினமன்று. ஆறு ஸ்டட் உள்ள ஹப்பில் எதிரெதிரே உள்ள இரு ஸ்டட்களின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுவே வட்டத்தின் விட்டம். ஐந்து ஸ்டட் உள்ள ஹப்பில் எதிரே ஸ்டட் இல்லாததால், அடுத்தடுத்த இரு ஸ்டட்களின் மைய இடைவெளியை அளந்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். ஆனால் இதை நாடாவை வைத்து உத்தேசமாக அளக்கக் கூடாது. நுண்ணளவு காட்டும் வெர்னியர் காலிப்பர் தேவை. 139.7 வட்டத்தில் அடுத்தடுத்த ஸ்டட்களின் இடைவெளி 69.85 மி.மீ.; 135 வட்டத்தில் அது 67.5 மி.மீ. இரண்டுக்கும் வேறுபாடு இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கண்ணுக்கு இது தெரியாது. ஸ்டட்டைவிடத் துளை சற்றுப் பெரிதாகவே இருக்கும் என்பதால், தட்டி நெருக்கினால் வீல் உள்ளேயும் போய்விடக்கூடும். பிறகு நட்டை முடுக்கும்போது ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு பக்கமாக இழுபட்டு வளையும். நட்டின் சரிவு துளையின் ஒரு பக்கத்தில் மட்டுமே உட்காரும். வண்டி ஓட ஓட அந்த ஒற்றைத் தொடுமுனை தேய்ந்து, நட் தளர்ந்து, கடைசியில் ஸ்டட் முறியும்.

வட்டம் மிகச் சரியாக ஒத்துப்போகும் வீலிலும் அடுத்த தடை காத்திருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது மையத்துளை. ஹப்பின் நடுவே புடைத்து நிற்கும் வட்டமான பகுதி, வீலின் மையத்துளைக்குள் இடைவெளியின்றி நுழைந்து வீலை நடுவில் நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலான பிக்கப்களின் வடிவமைப்பு. மேலே முதலில் சொன்ன ஹைலக்ஸ், ட்ரைட்டன், சில்வராடோ ஆகிய மூன்று வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஆறு துளை, 139.7 வட்டம். ஆனால் ஹைலக்ஸ் வீலின் மையத்துளை சுமார் 106 மி.மீ., சில்வராடோவுக்கு 78.1 மி.மீ., 2005க்குப் பின் வந்த ட்ரைட்டனுக்கு 67.1 மி.மீ. ட்ரைட்டன் வீலை ஹைலக்ஸ் ஹப்பில் ஏற்றவே முடியாது. அது முகத்துக்கு நேரே தெரியும் தடை என்பதால் தீங்கில்லை. மறுபுறம் பாருங்கள்: ஹைலக்ஸ் வீல் ட்ரைட்டன் ஹப்பில் தாராளமாக ஏறும். சுற்றிலும் ஏறத்தாழ 19 மி.மீ. இடைவெளியோடு, வெறும் நட்களை மட்டுமே நம்பித் தொங்கும்.

சரிவுள்ள நட்களே வீலை நடுவில் கொண்டுவந்துவிடும், மையத்துளை எதற்கு என்று பட்டறைகளில் கேட்பதுண்டு. வீலைத் தரையிலிருந்து தூக்கி, எடையின்றி, நட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் ஓரளவு அப்படி வரும் என்பது உண்மைதான். மையத்துளையை நம்பாமல் நட்களாலேயே நடுப்படும்படி வடிவமைக்கப்பட்ட பழைய வண்டிகளும் உண்டு. ஆனால் ஹப்பை நம்பி வடிவமைக்கப்பட்ட வண்டியில், பாலன்சிங் சரியாகச் செய்த பிறகும் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்ற முறையீட்டுக்கு அடிக்கடி காரணமாவது இந்த இடைவெளிதான். பாலன்சிங் எந்திரத்தில் வீல் தன் மையத்துளையை வைத்துச் சுழல்கிறது. வண்டியில் அதே வீல் வேறொரு மையத்தில் சுழல்கிறது. இரண்டு வேறு மையங்களில் சுழல்வதை எந்த எடைக்கட்டியாலும் சரிசெய்ய முடியாது. இடைவெளி சிறியதாக இருந்தால் அதற்கென்றே அளவாகச் செய்த வளையங்கள் கிடைக்கின்றன. அவை வீலை நடுவில் நிறுத்துவதற்கு உதவும். 19 மி.மீ. சுவர் கொண்ட வளையத்தைத் தேட வேண்டிய நிலை வந்தால், அது வேறு வீல் தேட வேண்டும் என்பதற்கான அறிகுறி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய பிக்கப்களில் இன்னொன்றும் உண்டு. முன்சக்கர ஹப்பின் நடுவில், நான்கு சக்கர இயக்கத்துக்காகக் கையால் திருப்பிப் பூட்டும் பூட்டு ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதிய தலைமுறை வீல்களுக்கு நடுவில் மூடி வரும். அந்த மூடியைக் கழற்றினாலும் துளை சிறியதாக இருந்தால் வீல் ஹப்புக்கு மேல் ஏறாது. பின்சக்கரத்தில் மாட்டிப் பார்த்து, சேர்ந்துவிட்டது என்று நான்கு வீல்களையும் வாங்கி வந்த பிறகு இது தெரியவந்தால் வருத்தம்தான் மிஞ்சும். முன்சக்கரத்தில்தான் முதலில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

இனி நட்கள். எனக்குத் தெரிந்தவரை மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது இதுதான் என்பதால், இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நட் வீலைத் தொடும் பரப்பு மூன்று விதமாக வருகிறது: 60 பாகைக் கூம்புச் சரிவு, பந்துபோல் வளைந்த பரப்பு, வாஷரோடு கூடிய தட்டைப் பரப்பு. டொயோட்டாவின் பழைய பிக்கப்களில் இரும்பு ரிம்களுக்குக் கூம்பு நட்டும், கம்பெனி அலாய் வீல்கள் பலவற்றுக்கு வாஷரும் நீண்ட கழுத்தும் கொண்ட தட்டை நட்டும் பயன்படுகின்றன. அந்தக் கழுத்து வீலின் துளைக்குள் நுழைந்து உட்காரும். இரும்பு ரிம்மின் தகடு மெல்லியது. அலாய் வீலின் அந்த இடம் பலமடங்கு தடிமனானது. சாதாரண நட்டை வைத்தால் தடித்த வீலுக்கு வெளியே ஸ்டட்டின் நுனி மட்டுமே எஞ்சியிருக்கும். கழுத்துள்ள நட் உள்ளே இறங்கிச் சென்று மரையைப் பிடிப்பதால்தான் போதிய பிடிப்பு கிடைக்கிறது. தட்டைப் பரப்புக்கென்று செய்த அலாய் வீலில் பழைய கூம்பு நட்களை முடுக்கினால், கூம்பின் கூரிய ஓரம் மென்மையான அலுமினியத்தை அறுத்துக்கொண்டு இறங்கும். முடுக்கும்போது இறுக்கமாகவே இருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும்.

இதிலிருந்து ஸ்டெப்னியைப் பற்றிய ஒரு நடைமுறைச் சிக்கலும் பிறக்கிறது. நான்கு சக்கரங்களையும் அலாய்க்கு மாற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியைப் பழைய இரும்பு ரிம்மாகவே விட்டுவிடுகிறார்கள். பஞ்சரான அன்று அலாய்க்கு உரிய நட்களை இரும்பு ரிம்மில் போட்டால் கழுத்து இடிக்கும், அல்லது உட்காரும் பரப்பு பொருந்தாது. எனவே இரும்பு ரிம்மின் பழைய நட்கள் ஆறையும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் அலாய்க்கு மாற்றுபவர்கள், அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலித் தகடு புதிய வீலின் மையத்துளையில் சரியாக மாட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

மரையின் அளவும் முக்கியம். டொயோட்டாவில் 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ.; நிசானில் அதே 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 மி.மீ. ஒன்றன் நட் மற்றொன்றில் ஓரிரு சுற்று ஏறி இறுகிவிடும். ஏர் கன் வைத்து அடித்தால் மரையையே அழித்துக்கொண்டு உள்ளே போகும். இதைவிட மோசமானது தளர்வாக ஏறும் நட். பழைய அமெரிக்க வண்டிகளின் அரை அங்குல நட், அங்குலத்துக்கு 20 மரை கொண்டது. அதன் மரை இடைவெளி 1.27 மி.மீ. அது 12 மி.மீ. தடிமனும் 1.25 இடைவெளியும் கொண்ட ஸ்டட்டில் கையாலேயே கடைசிவரை ஏறிவிடும். ஆனால் விட்டத்தில் 0.7 மி.மீ. வேறுபாடு இருப்பதால் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பற்றியிருக்கும். ஃபோர்டு எஃப்-150க்கு 2004 வடிவத்தில் 14 மி.மீ. ஸ்டட்டில் 2.0 இடைவெளியும், 2015 வடிவத்திலிருந்து 1.5 இடைவெளியும் வந்திருக்கின்றன. டாட்ஜ் ராம் 1500க்கு 2011 வரை 9/16 அங்குல மரை, 2012 முதல் 14 மி.மீ. மரை. வீலோடு சேர்த்து நட்களையும் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தன் வண்டியின் ஸ்டட்டில் அவற்றைக் கையால் ஏற்றிப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. கையால் தடையின்றி ஏற வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது, ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளத்துக்கு மரை பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 இடைவெளி என்றால் குறைந்தது 8 முழுச் சுற்று. கிறைஸ்லர் நிறுவனத்தின் மிகப் பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்பக்கம் திருப்பினால் இறுகும் இடது மரை ஸ்டட்கள் இருந்தன என்பதையும், அவற்றை வழக்கமான திசையில் கழற்ற முயன்று முறித்தவர்கள் ஏராளம் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

ஆஃப்செட்டுக்கு வருகிறேன். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக இருந்தால் அது நேர் எண். வீல் வண்டிக்குள் ஒடுங்கி நிற்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். 7 அங்குல அகலமும் 30 ஆஃப்செட்டும் உள்ள வீலைக் கழற்றிவிட்டு, 8 அங்குல அகலமும் 0 ஆஃப்செட்டும் உள்ள வீலை மாட்டினால் வெளி விளிம்பு 42.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 17.3 மி.மீ. விலகும். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டு கற்களை வாரியிறைப்பதோடு இது முடிவதில்லை. எடை விழும் கோடு ஹப் பேரிங்கின் நடுவிலிருந்து விலகிப்போவதால் பேரிங்கின் ஆயுள் குறையும். ஸ்டியரிங் குழிகளில் கையை உதறும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் கூடும். கட்டுரையாளர் பரிந்துரைத்த ஸ்பேசரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதோடு, ஸ்டட்டின் பிடிப்பு நீளத்தையும் அது தின்றுவிடுகிறது. மாறாக ஆஃப்செட் எண் அதிகமுள்ள புதிய வீலைப் பழைய வண்டியில் மாட்டினால், ரிம்மின் உள் விளிம்பு சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனையையோ, பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங்கையோ உரசும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்காமல் இது தெரியவராது. பழைய வீலின் ஆஃப்செட்டிலிருந்து ஐந்து, பத்து மில்லிமீட்டர் மாறினால் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிக்கப் என்பது சுமை ஏற்றும் வண்டி. காருக்கென்று செய்த வீல் துளையிலும் மையத்திலும் ஆஃப்செட்டிலும் பொருந்திவிட்டாலும் சுமையில் தோற்கும். வண்டியின் பின் ஆக்சிலுக்கு நிறுவனம் அனுமதிக்கும் உச்ச எடை 1,600 கிலோ என்றால், ஒவ்வொரு வீலும் குறைந்தது 800 கிலோ தாங்க வேண்டும். பல வீல்களின் பின்புறத்தில், ஆரங்களின் உட்பக்கத்தில் இந்த எண் அச்சு வார்ப்பிலேயே இருக்கும். அகலம், விட்டம், ஆஃப்செட் ஆகியவையும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானியத் தர முத்திரைகளில் கார்களுக்கு ஜே.டபிள்யூ.எல். என்றும், சுமை வண்டிகளுக்கு ஜே.டபிள்யூ.எல்.-டி என்றும் தனித்தனியே உண்டு. டயரிலும் இதே கவனம் வேண்டும்: சுமைக் குறியீடு 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. அதிகக் காற்றழுத்தம் கேட்கும் சுமை வண்டி டயருக்குக் காரில் போடும் சாதாரண ரப்பர் வால்வைப் போடக் கூடாது. அதற்கு உரிய உயர் அழுத்த வால்வு வேண்டும். பழைய பிக்கப்களின் இரும்பு ரிம்கள் சிலவற்றில் வால்வுத் துளையே 15.9 மி.மீ.; இன்று பரவலாக உள்ள 11.5 மி.மீ. வால்வு அதில் நிற்காது.

விட்டத்தை மாற்றுபவர்கள் டயரின் மொத்த உயரத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். டயரில் எழுதியிருக்கும் எண்களில் முதலாவது மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 265/70 ஆர் 16 டயரின் உயரம் 777.4 மி.மீ.; 265/65 ஆர் 17 டயரின் உயரம் 776.3 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் 16 அங்குல வீலிலிருந்து 17 அங்குலத்துக்குப் போகலாம்; வேகமானி பொய் சொல்லாது, கியர் விகிதமும் மாறாது. ஆனால் 225/75 ஆர் 15 டயரை எடுத்துவிட்டு 245/70 ஆர் 16 போட்டால் உயரம் 718.5 மி.மீட்டரிலிருந்து 749.4 மி.மீட்டராகக் கூடுகிறது. வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி 83 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வீலை மட்டும் இப்போது மாற்றுகிறேன், மற்ற இரண்டைப் பிறகு பார்க்கலாம் என்று நான்கு சக்கர இயக்க வண்டியில் செய்யவே கூடாது. முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன் கியர்களுக்குள் முறுக்கம் ஏறும். விட்டத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனை: டயர் இல்லாத வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டி, காலிப்பரில் இடிக்காமல் கையால் சுழற்றிப் பார்ப்பது.

மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் முக்கால் டன் சுமை வகைப் பிக்கப்களில் 16.5 அங்குல ரிம்கள் வந்தன. அவற்றின் டயர் உட்காரும் பரப்பு 15 பாகை சரிவுடையது. வழக்கமான 16 அங்குல ரிம்மில் அது 5 பாகை. 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் ஏற்றிவிட முடியும், ஆனால் டயரின் விளிம்பு ஒருபோதும் சரியாக உட்காராது. உட்கார வைக்கக் காற்றை ஏற்றிக்கொண்டே போனால் விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். காற்று ஏற்றுபவரின் முகத்துக்கு நேரேதான் அது நடக்கும். 16.5 அங்குல டயர்கள் இன்று அரிதாகிவிட்டதால், இந்த வண்டிகளுக்கு 16 அங்குலக் கம்பெனி வீல்களைத் தேடி மாற்றுவது நல்ல முடிவு. பழைய ரிம்மை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் உடைத்துப்போட்டுவிட வேண்டும். வளையம் போட்டுப் பூட்டும் பழைய பிரி ரிம்களை, பாதுகாப்புக் கூண்டும் பயிற்சியும் இல்லாத எந்தப் பஞ்சர் கடையிலும் கழற்றக் கொடுக்கக் கூடாது.

பயன்படுத்திய வீலை வாங்கும்போது வெளிமுகத்தைப் பார்ப்பதைவிட உள்பக்கத்தைப் பார்ப்பதே பயன் தரும். விரிசல்கள் பெரும்பாலும் உள் விளிம்பிலும் ஆரங்களின் பின்புறத்திலும் தோன்றும். பற்றவைத்த தழும்பு எங்காவது தெரிந்தால் அந்த வீலை விட்டுவிடுவதே நல்லது. இரும்பு ரிம் நெளியும், அலாய் வீல் விரிசல் விடும். நெளிவு கண்ணுக்குத் தெரியும், விரிசல் சேற்றுக்கு அடியில் மறைந்திருக்கும். ஆகவே கழுவாமல் விற்கும் வீலை வாங்க வேண்டாம். புதிதாக வண்ணம் பூசியிருந்தால், நட் உட்காரும் இடத்திலும் ஹப்பில் ஒட்டும் முகத்திலும் வண்ணம் இருக்கக் கூடாது. அந்த மெல்லிய படலம் அழுத்தத்தில் நசுங்கிப்போனதும் நட்டின் இறுக்கம் குறைந்துவிடும்.

பொருத்துவதில் எனக்குச் சொல்ல இருப்பது குறைவு. ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். ஹப்பின் நடுப்புடைப்பில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம். இரும்பும் அலுமினியமும் ஒட்டிப்போய் அடுத்த முறை கழற்ற முடியாமல் தவிப்பதை அது தவிர்க்கும். ஸ்டட்டின் மரையில், நிறுவனம் சொல்லாதவரை, எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் சொல்லப்படும் எண் உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் தடவிய மரையில் அதே எண்ணுக்கு முடுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். எல்லா நட்களையும் கையால் தொடங்கி, எதிரெதிராக முடுக்கி, சக்கரம் தரையில் பட்ட பிறகு கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். எந்த எண் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்: 12 மி.மீ. ஸ்டட் உள்ள நடுத்தர பிக்கப்களில் 110 நியூட்டன் மீட்டரை ஒட்டி, 14 மி.மீ. ஸ்டட் உள்ள பெரிய பிக்கப்களில் 190 அல்லது 200ஐ ஒட்டி இருக்கும். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். ஏர் கன்னால் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகும் பட்டறையில், முன்கூட்டியே டார்க் ரெஞ்ச் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. புதிதாக மாட்டிய வீல்களை 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். அலாய் வீல்களில் இதைத் தவறவிடவே கூடாது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தங்கள் வரிவிளம்பரப் பகுதியில் வீல் விற்பவர்களிடமிருந்து துளைகளின் எண்ணிக்கை, வட்டத்தின் விட்டம், மையத்துளை, அகலம், ஆஃப்செட், நட்டின் வகை ஆகிய ஆறு செய்திகளையும் கேட்டுப் பெற்று அச்சிடுமாறு வேண்டுகிறேன். விற்பவர் வீலைத் திருப்பிப் பார்த்து, ஒரு வெர்னியரை வைத்து அளந்தாலே பெரும்பாலானவை கிடைத்துவிடும். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. இரண்டாவது, ஸ்பேசர் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற அந்த வாசகத்தை மட்டுமாவது அடுத்த வாகனப் பக்கத்தில் திருத்தி வெளியிட வேண்டும். கட்டுரையின் மற்ற பகுதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. அந்த நம்பிக்கையிலேயே இந்த வாசகத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர்